நீர், மேய்ச்சல் நிலம், நெருப்பு: சோழவரம் ஏரி சொல்லும் வரலாறு

மக்கள் மூன்று பொருள்களில் ஒருவருக்கொருவர் பங்காளிகள் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். நீர், மேய்ச்சல் புல், நெருப்பு என்பன அம்மூன்று. அபூதாவூத், இப்னு மாஜா முதலிய ஹதீஸ் தொகுப்புகளில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. நம் உலமாக்கள் பலமுறை எடுத்துரைத்த செய்திதான் இது. எனினும், பாலைவனத்து மக்களுக்கு உரைக்கப்பட்ட பழைய அறிவுரையாக மட்டுமே அதைக் கேட்டுவிட்டுக் கடந்து செல்கிறோம்.

இன்று வட்டார வளர்ச்சியைப் பற்றி ஆராயும் அறிஞர்கள் நீர், எரிசக்தி, உணவு, நிலம் ஆகிய நான்கையும் தனித்தனியே திட்டமிடலாகாது என்கின்றனர். ஒன்றில் கை வைத்தால் மற்ற மூன்றும் அசையும் என்பது அவர்கள் கூற்று. நீர் என்பது நீர்தான், நெருப்பு எரிசக்தி, மேய்ச்சல் புல் நிலத்தையும் அது தரும் உணவையும் குறிக்கும். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் பொதுச் சொத்தென அறிவிக்கப்பட்டவையும் இவையே. இந்தப் பங்காண்மை பேணப்பட்டபோது என்ன விளைந்தது, மீறப்பட்டபோது என்ன நேர்ந்தது என்பதை அறிய நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. திருவள்ளூர் மாவட்டத்துச் சோழவரமும் அதைச் சூழ்ந்த பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர், கும்மிடிப்பூண்டிப் பகுதிகளும் அவ்வரலாற்றைத் தம் மண்ணிலேயே எழுதி வைத்திருக்கின்றன.

ஏரிகளின் நாடு

தொண்டை மண்டலத்தில் ஆண்டு முழுதும் ஓடும் பேராறு கிடையாது. கொசஸ்தலையாறும் ஆரணியாறும் வடகிழக்குப் பருவமழையில் பெருகி, சில வாரங்களில் மணலாகக் காய்ந்துவிடும் இயல்புடையவை. கொசஸ்தலையாறு பூண்டி, தாமரைப்பாக்கம், காரனோடை, வல்லூர் வழியே எண்ணூர் முகத்துவாரத்தை அடைகிறது. அதற்கு வடக்கே ஓடும் ஆரணியாறு பழவேற்காட்டு ஏரியில் கலக்கிறது. சில வாரத்து மழையைப் பல மாதங்களுக்குத் தேக்கி வைப்பது ஒன்றே இங்கு வாழும் வழி. ஆகவே நம் முன்னோர் ஏரிகளை வெட்டினர். ஓர் ஏரி நிறைந்தால் கலிங்கு வழியே உபரி நீர் அடுத்த ஏரிக்குப் போகும். அதுவும் நிறைந்தால் அதற்கடுத்த ஏரிக்கு. மேட்டூர் நிரம்பிய பின்னர் பள்ளத்தூருக்கு நீர் கிடைக்கும் இவ்வேற்பாட்டில், மேலுள்ளவன் தன் கரையை விருப்பம்போல் உயர்த்த முடியாது. உயர்த்தினால் கீழுள்ள ஊர் கேள்வி கேட்கும்.

கிராமத்தின் நிலமும் இதற்கேற்பப் பகுக்கப்பட்டிருந்தது. ஏரிக்குக் கீழே நஞ்சை, மேட்டில் புஞ்சை, ஏரிக்கு மேலே நீர்வரத்துப் பரப்பு, ஊருக்குப் பொதுவாக மேய்ச்சல் வெளி, விறகுக்குத் தோப்பும் புதர்க்காடும் என ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருந்தது. ஏற்றமும் கவலையும் இறைத்த நீர் மனிதனின், காளையின் உழைப்பால் மேலேறியது. அக்காளைக்கு உணவளித்தது மேய்ச்சல் நிலம். அடுப்பெரித்தது தோப்பு. நீர், நிலம், உணவு, எரிபொருள் நான்கும் ஓர் ஊரின் எல்லைக்குள்ளேயே ஒன்றையொன்று தாங்கி நின்றன.

இது வெறும் கற்பனைப் பொற்காலம் அன்று. வறட்சியும் பஞ்சமும் அன்றும் வந்தன. நீரின் மீதும் நிலத்தின் மீதும் எல்லாச் சாதியாருக்கும் சம உரிமை இருந்ததில்லை. அந்த நீதியின்மையை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. ஆயினும் நீரையும் நிலத்தையும் சேர்த்தே கணக்கிடும் அறிவு அங்கே இருந்தது.

1763ஆம் ஆண்டு ஆற்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜா அவர்கள் செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகிராக அளித்தார். கம்பெனியுடன் சேர்ந்து போர்களில் இறங்கி, அதனிடமே கடன்பட்ட நவாபு தம் ஆட்சிப் பரப்பைச் சிறிது சிறிதாக இழந்த கதையின் ஓர் அத்தியாயம் அது. புதிதாகக் கிடைத்த நிலத்தின் வருவாயை அறியும் பொருட்டுக் கம்பெனி தாமஸ் பர்னார்டு என்பவரை அளவாய்வுக்கு அமர்த்தியது. 1767 முதல் 1774 வரை நடந்த அவ்வாய்வு ஏறத்தாழ 2,000 ஊர்களின் ஏரி, காடு, சாகுபடி நிலம், குடியிருப்பு ஆகியவற்றைத் தனித்தனியே பதிவு செய்தது. ஊர்ப்பணி செய்வோருக்கும் ஏரிப் பராமரிப்புக்கும் விளைச்சலிலிருந்து முதலிலேயே பங்கு ஒதுக்கும் வழக்கத்தையும் அக்காலக் கணக்குகளில் காண்கிறோம். களத்து மேட்டில் நெல் அளக்கும்போதே ஏரியின் பங்கு தனியே எடுக்கப்பட்டது. அந்தப் பங்கு அரசு வருவாய்க்குள் கரைந்த பின்னர், தூர்வாரும் பொறுப்பு யாருடையது என்ற வழக்கு தொடங்கியது. இன்றுவரை அது தீரவில்லை.

ஏரி நகரத்துக்குச் சென்ற கதை

சென்னப்பட்டினம் வளர வளர அதன் கிணறுகள் போதாமற்போயின. 1772இல் ஏழு கிணறுகள் வெட்டப்பட்டுக் கோட்டைக்கு நீர் கொண்டு செல்லப்பட்டது. முத்தியால்பேட்டையை அடுத்த அந்தப் பகுதி இன்றும் ஏழு கிணறு என்றே வழங்குகிறது. அடுத்த நூறாண்டில் அதுவும் போதவில்லை. 1866இல் பொறியாளர் ஃபிரேசர் வகுத்த திட்டம் 1872இல் நிறைவேறியது. தாமரைப்பாக்கத்தில் அணைக்கட்டு கட்டிக் கொசஸ்தலையாற்று நீர் திருப்பப்பட்டது. அந்நீர் சோழவரம் ஏரிக்கும், அங்கிருந்து புழல் ஏரிக்கும், அங்கிருந்து திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கத்துக்கும் சென்றது. சாய்தளத்தின் போக்கிலேயே ஓடியதால் ஏரியிலிருந்து நகரம் வரை அதற்கு நெருப்புத் தேவைப்படவில்லை. 1914இல் மூடிய குழாய்வழியும், கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளும், நீரேற்று நிலையமும் அமைந்தன. அன்று முதல் நகரத்தின் குடிநீருக்கும் எரிபொருளுக்கும் பிரிக்க இயலாத உறவு ஏற்பட்டது.

நகரத்துக்கு இது பெரும் அருட்கொடை. காலரா முதலிய நோய்களுக்கு ஆண்டுதோறும் உயிர்களைப் பலிகொடுத்த ஊருக்குத் தூய நீர் கிடைத்ததைக் குறை கூறுவார் யாருமில்லை. ஆனால், சோழவரத்தின் தன்மை அன்றே மாறிவிட்டது. ஆயக்கட்டு விவசாயியின் ஏரியாக இருந்தது, நகரத்தின் நீர்த்தேக்கமாயிற்று. இன்று அதன் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி, அதாவது ஏறத்தாழ 3,060 கோடி லிட்டர். அதன் முதல் உரிமை பல மைல்களுக்கு அப்பாலுள்ள நகரத்துக்கு உரியது.

இவ்விடத்தில் மதீனாவின் வழக்கு ஒன்றை நினைவுகூர்வது தகும். ஹர்ரா எனும் கருங்கல் நிலத்திலிருந்து இறங்கிய ஓடை நீரைப் பற்றி ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்சாரித் தோழர் ஒருவருக்கும் பிணக்கு எழுந்தது. ஸுபைர் (ரலி) அவர்களின் தோட்டம் மேலே இருந்தது. அவர் முதலில் பாய்ச்சிக்கொண்டு பின்னர் அண்டை வீட்டாருக்கு விடட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை புகாரி ஷரீஃபில் காண்கிறோம். மஹ்ஸூர், முதைனிப் எனும் ஓடைகளைப் பற்றிய மற்றொரு தீர்ப்பில், மேலுள்ளவர் கணுக்கால் அளவு நீர் தேங்கும்வரை நிறுத்திக்கொள்ளலாம், அதன்பின் கீழே விட்டாக வேண்டும் என்று வரையறுக்கப்பட்டது. மேலிருப்பவனுக்கு முன்னுரிமை உண்டு; ஆனால் அவ்வுரிமைக்குக் கணுக்கால் என்றோர் அளவும் உண்டு.

கொசஸ்தலையாற்றில் நடந்தது இதற்கு மாறானது. ஆற்றின் போக்கில் இடையிலேயே புகுந்து, சட்டத்தின் வலிமையால் நகரம் மேலிடத்தைப் பிடித்தது. தாமரைப்பாக்கத்துக்குக் கீழேயுள்ள ஊர்களும், வல்லூர் அணைக்கட்டை நம்பிய ஏரிகளும், எண்ணூர் முகத்துவாரத்து மீனவரும் கீழ்நிலத்தாராயினர். அவர்களுக்கு எவ்வளவு நீரை விட்டாக வேண்டும் என்ற கணுக்கால் அளவு எங்கும் குறிக்கப்படவில்லை.

1944இல் பூண்டியில் கொசஸ்தலையாற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் எழுந்தது. சென்னை மேயராக இருந்து அதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தி அவர்களின் பெயரை அது தாங்கியுள்ளது. அதே உலகப் போர்க் காலத்தில் சோழவரத்தில் விமான ஓடுதளம் ஒன்றும் அமைந்தது. போர் முடிந்தபின் பல்லாண்டுகள் அங்கே கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. சோழவரம் என்றால் ஏரியை நினைப்போரும் பந்தயத்தை நினைப்போரும் என இரு தலைமுறையினர் சென்னையில் உண்டு.

நிலத்தடியில் நுழைந்த கடல்

ஏரிகள் போதாதபோது பார்வை நிலத்தின் அடியே சென்றது. 1960களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையுடன் ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் ஆராயப்பட்டது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் பழைய ஆற்று மணலுக்குள் வளமான நீர் இருப்பது தெரிந்தது. கிணற்று வயல்கள் உருவாயின. அதே காலத்தில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அதைத் தொடர்ந்து உரத் தொழிற்சாலையும் எழுந்தன. மீஞ்சூர் நீர் அவற்றை நோக்கிச் சென்றது. உழவரும் தத்தம் கிணறுகளில் மின் மோட்டார் பொருத்தினர். பின்னர், 1990களின் தொடக்கத்தில் விவசாய மின்சாரம் முழுவதும் கட்டணமின்றிக் கிடைத்தபோது, இறைப்பதற்கு ஆகும் செலவும் மறைந்தது. செலவு மறைந்த இடத்தில் அளவும் மறைந்தது.

கடலோரத்து நிலத்தடியில் நன்னீரும் உப்புநீரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. நிலத்துப் பக்கம் நன்னீரின் மட்டம் உயர்ந்திருக்கும்வரை கடல் வெளியே நிற்கும். நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்குக் கீழே தாழ்ந்துவிட்டால் உப்புநீர் உள்ளே நகரும். மீஞ்சூரில் அதுவே நிகழ்ந்தது. 1969ஆம் ஆண்டளவிலேயே கடலோரத்தில் உவர்ப்பு தென்பட்டது. பின்வந்த பத்தாண்டுகளில் அது கடற்கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் பரவியது. கிணறுகள் வற்றவில்லை, நீர் இருந்தது. ஆனால் நாவில் வைக்க இயலவில்லை, நாற்றங்காலில் விடவும் இயலவில்லை.

நீர் பூமிக்குள் ஆழ்ந்து போய்விட்டால் ஊற்று நீரை யார் கொண்டுவருவார் என்ற கருத்தில் அமைந்த கேள்வியோடு ஸூரத்துல் முல்க் நிறைவடைவதை நாம் அறிவோம். உறங்கும் முன் அதை ஓதும் வழக்கமுடைய குடும்பங்கள் நம்மிடையே மிகுதி. அந்தக் கேள்வியின் பொருளை மீஞ்சூர் வட்டாரத்து உழவர் தம் கிணற்றடியில் நின்று உணர்ந்தனர்.

சென்னைப் பெருநகரப் பகுதிக்கான நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987இல் வந்தது. ஆறுகளில் தடுப்பணைகள் கட்டி நீரை மண்ணுக்குள் இறக்கும் முயற்சிகளும் நடந்தன. அவற்றின் அருகே நிலத்தடி நீரின் தரம் மேம்பட்டதுண்டு. ஆயினும் வறட்சி ஆண்டுகளில் குடிநீர் வாரியம் விவசாயக் கிணறுகளிலிருந்து நீரை விலைக்கு வாங்கியது. தனியார் டேங்கர் லாரிகளும் அப்பகுதியை நாடின. நெல் விளைவிப்பதைக் காட்டிலும் நீர் விற்பது உழவருக்கு இலாபமாயிற்று. அவர்களைக் குறை சொல்வது எளிது. நெல்லுக்கு விலையில்லாத, உழைப்புக்கு ஆளில்லாத காலத்தில், வீட்டுக் கடனை அடைக்க அவர்களுக்கு அதுவே வழியாக இருந்தது. ஆனால், நீர் விற்காத அடுத்த வயல்காரரின் கிணறும் சேர்ந்தே தாழ்ந்தது.

ஃபிக்ஹு நூல்கள் இதில் நுணுக்கமான வேறுபாடு காட்டுகின்றன. உழைத்து இறைத்துக் கலத்தில் பிடித்த நீரை விற்கலாம் என்பது பெரும்பான்மையான அறிஞர்களின் கருத்து. ஆனால் ஊற்றின் தேவைக்கு மிஞ்சிய நீரைத் தாகித்தவருக்கு மறுப்பது கூடாது. ஒரு கிணற்றுக்கு ஹரீம் எனும் பாதுகாப்பு எல்லை உண்டு. அதற்குள் மற்றொருவர் கிணறு வெட்டி அதன் நீரை இழுத்துக்கொள்ளலாகாது. பிறருக்குத் தீங்கிழைப்பதை மார்க்கம் தடுக்கும் பொது விதியும் இதனோடு சேர்ந்தது. ஆழ்துளைக் கிணறு நூறடி, இருநூறடிக்குச் செல்லும் இக்காலத்தில் அந்த ஹரீமின் எல்லை எவ்வளவு என்பது நம் உலமாக்களும் நிலத்தடி நீர் அறிஞர்களும் ஒன்றாக அமர்ந்து ஆராய வேண்டிய வினா.

நெருப்பும் நீரும்

இனி நெருப்பின் கதை. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970களின் தொடக்கத்தில் மின்சாரம் தரத் தொடங்கி, 2017இல் மூடப்பட்டது. 1990களில் வட சென்னை அனல்மின் நிலையமும், 2012க்குப் பின் 1,500 மெகாவாட் திறனுள்ள வல்லூர் நிலையமும் வந்தன. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. நிலக்கரி இறக்குவதே அதன் முதற்பணி. நம் வீடுகளில் சுழலும் மின்விசிறிக்கும், பள்ளிவாசலின் ஒலிபெருக்கிக்கும் இந்த நெருப்பில் பங்குண்டு. அதன் சாம்பல் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் படிந்து, மீனும் இறாலும் வளரும் நீர்ப்பரப்பைத் தூர்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதி எண்ணெயும் முகத்துவாரத்தில் பரவியபோது, வலையும் படகும் கரிபூசின. மேலே நீரை இழந்த ஆறு, கீழே கழிவைச் சுமந்தது.

2010இல் காட்டுப்பள்ளியில் மீஞ்சூர்க் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் தொடங்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தருவது அதன் திறன். ஒரு கன மீட்டர் கடல்நீரை இம்முறையில் நன்னீராக்க ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் மின்சாரம் தேவை. 10 கோடி லிட்டர் என்பது 1 லட்சம் கன மீட்டர். ஆக, நாளொன்றுக்கு 3 முதல் 4 லட்சம் யூனிட் மின்சாரம். 1872இல் சாய்தளத்தில் தானே ஓடிவந்த நீரின் இடத்தில், நிலக்கரி எரித்துப் பிழிந்தெடுத்த நீர் வருகிறது. அந்நிலக்கரியின் சாம்பல், அதே வட்டாரத்து ஆற்றின் வாயை அடைக்கிறது. நிலத்தடியில் நன்னீர் இருந்த மீஞ்சூரின் பெயரிலேயே கடல்நீர் ஆலை அமைந்திருப்பதைக் காட்டிலும் இவ்வரலாற்றைச் சுருக்கிச் சொல்வதற்கு வேறு சான்று வேண்டுமா?

இந்த ஆலை வேண்டாம் என்பது நம் வாதம் அன்று. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னையின் நான்கு பெரிய ஏரிகளிலும் சேர்த்து, கொள்ளளவில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான நீரே எஞ்சியிருந்தது. சோழவரம் வெடிப்பு விழுந்த தரையாகக் கிடந்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் நீர் வந்தது. கிருஷ்ணா நீர் தருவதற்கு 1983இல் ஆந்திரத்தோடு ஒப்பந்தமாகி, 1996இல் முதன்முதலாகப் பூண்டிக்கு வந்து சேர்ந்தது. ஆண்டுக்கு 12 டி.எம்.சி. என்ற அளவு பெரும்பாலான ஆண்டுகளில் முழுமையாகக் கிட்டியதில்லை. அத்தகைய வேளையில் கடல்நீர் ஆலை உயிர் காத்தது. ஒரு குறையைத் தீர்க்கும் வழி மற்றொரு குறையை எங்கே, யார் தலையில் இறக்கி வைக்கிறது என்று கேட்டறிய வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

மேய்ச்சல் வெளியும் தொழிற்பேட்டையும்

கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழில் வளாகம் 1980களில் வளர்ந்தது. இரும்பு, வார்ப்படம், வேதிப்பொருள் எனப் பல ஆலைகள் எழுந்தன. பல்லாயிரம் குடும்பங்களுக்கு அவை சோறிட்டன. அவற்றில் நம் சமுதாயத்து இளைஞரும் உளர். பின்னர் தேர்வாய்கண்டிகையிலும் தொழிற்பூங்கா அமைந்தது. தங்கள் மேய்ச்சல் நிலமும் காடும் அதற்குள் போவதை எதிர்த்து அவ்வூர் மக்கள் போராடினர். அரசின் ஏட்டில் அந்நிலம் புறம்போக்கு. ஊராரின் கணக்கில் அது ஆட்டுக்கும் மாட்டுக்கும் உணவு, அடுப்புக்கு விறகு, ஏரிக்கு நீர்வரத்து.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் அரசுக் கால்நடைகளுக்கென ஒதுக்கப்பட்ட மேய்ச்சல் நிலம் ஹிமா எனப்பட்டது. அதன் காவலராக ஹுனை என்பவரை அமர்த்தியபோது, சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடைய எளியோரை உள்ளே விடுமாறும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகிய செல்வர்களின் மந்தைகளைத் தடுக்குமாறும் அவர்கள் பணித்தார்கள். செல்வரின் கால்நடை அழிந்தால் அவர்களுக்குத் தோட்டமும் வயலும் உண்டு; எளியவரின் கால்நடை அழிந்தால் அவர் குழந்தைகளோடு கலீஃபாவின் வாசலில்தான் வந்து நிற்பார் என்பது உமர் (ரலி) அவர்கள் காட்டிய காரணம். இதையும் புகாரி ஷரீஃபில் காணலாம். பொதுநிலத்தைப் பங்கிடும்போது யாருக்கு மாற்று வழியில்லை என்று முதலில் பார்ப்பது அந்த ஆட்சியின் முறையாக இருந்தது. தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும் எந்த அரசும் கற்கத் தக்க பாடம் இது.

அதே தேர்வாய்கண்டிகையின் ஏரியையும் கண்ணன்கோட்டை ஏரியையும் இணைத்து 500 மில்லியன் கன அடி கொள்ளளவில் புதிய நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. பூண்டிக்குப் பின் 76 ஆண்டுகள் கழித்து நகரத்தின் குடிநீருக்கென உருவான நீர்த்தேக்கம் அது. ஒரு சிற்றூரின் வட்டாரமே இன்று தொழிலுக்கு நிலமும், நகரத்துக்கு நீரும் தருகிறது.

நல்ல திருப்பங்களும் இல்லாமல் இல்லை. மணலியின் பெரிய ஆலைகள் 1990களிலேயே நகரத்துக் கழிவுநீரைத் தூய்மைசெய்து பயன்படுத்தத் தொடங்கின. 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை உயர்தரமாகச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் செயல்படத் தொடங்கின. ஆலைக்குச் செல்லும் ஒவ்வொரு லிட்டர் மறுசுழற்சி நீரும், ஏரியிலோ கிணற்றிலோ ஒரு லிட்டர் நன்னீரை மீதப்படுத்துகிறது. நீரையும் தொழிலையும் ஒருசேர எண்ணியதன் பயன் இது. கும்மிடிப்பூண்டிக்கும் இத்தகைய வழி வாய்க்குமாயின், ஆரணியாற்றுப் படுகைக்கும் அதன் கடைவாயிலுள்ள பழவேற்காட்டு ஏரிக்கும், அதன் கரையில் நூற்றாண்டுகளாக வாழும் மீனவருக்கும் நம் சமுதாயத்தாருக்கும் அது காப்பாகும்.

அளவும் நாமும்

ஸ்பெயின் நாட்டு வலென்சியாவில் வியாழக்கிழமைதோறும் நண்பகலில் பேராலயத்தின் வாசலில் ஒரு நீர் மன்றம் கூடுகிறது. எட்டு வாய்க்கால்களின் உழவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே நீதிபதிகள். வழக்கு வாய்மொழியாக விசாரிக்கப்பட்டு அப்போதே தீர்ப்பு வழங்கப்படுகிறது. முஸ்லிம்கள் அந்தலூஸை ஆண்ட காலத்துப் பாசன முறையின் வழிவந்தது இம்மன்றம் என்பது மரபு. அங்கே வாய்க்காலைக் குறிக்கும் அஸேகியா என்ற சொல்லே அரபியின் ஸாகியாவிலிருந்து பிறந்தது. ஆட்சி மாறியது, மார்க்கம் மாறியது, மொழி மாறியது. நீரைப் பங்கிடும் நீதி மட்டும் நிலைத்தது. 2009இல் யுனெஸ்கோ அதை மானுடத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பயனாளிகளே கூடி, அளவு குறித்து, மீறியவரைக் கேள்வி கேட்கும் முறை பழங்கதை அன்று, இன்றும் நடப்பது.

இறைவன் வானை உயர்த்தித் துலாக்கோலை நிறுவியதையும், மனிதர் அதில் வரம்பு மீறலாகாது என்பதையும் ஸூரத்துர் ரஹ்மான் அறிவிக்கிறது. அந்த மீஸானை அரசு மட்டும் பேண வேண்டும் என்றில்லை. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள். அது ஏறத்தாழ முக்கால் லிட்டர். நிமிடத்துக்கு 6 லிட்டர் விடும் குழாயை இரண்டு நிமிடம் திறந்து வைத்து உளூச் செய்பவர் 12 லிட்டரைச் செலவிடுகிறார். ஒரு ஜும்ஆவுக்கு 500 பேர் வந்தால் 6,000 லிட்டர்; பெரிய டேங்கர் லாரி ஒன்றில் பாதி. அந்த லாரி எந்த ஊர்க் கிணற்றடியிலிருந்து புறப்பட்டது என்பதை மேலே கண்டோம்.

உளூச் செய்த நீர் தூய்மையானதே. மீண்டும் உளூவுக்கு ஆகாது என்பதுதான் பெரும்பான்மையான மத்ஹபுகள் கூறுவது. ஆகவே அதைச் சாக்கடையில் விடாமல் தனிக் குழாயில் தோட்டத்துக்கோ, நீர் ஊறும் குழிக்கோ விடுவதற்குத் தடையேதுமில்லை. ஒவ்வொரு மஹல்லாவிலும் ஜமாஅத் நிர்வாகிகள் எளிதில் செய்யத்தக்க பணி இது. பள்ளிவாசலின் மொட்டை மாடி மழைநீரைக் கிணற்றுக்குத் திருப்பலாம். அதே மாடியில் சூரிய மின்தகடுகளை நிறுவினால் நெருப்பின் சுமையும் சிறிது குறையும். வக்ஃபு நிலங்களில் குளமோ, ஊருணியோ, நீர்வரத்துக் காலோ இருந்தால் அதை மேடாக்கிக் கடைகட்டி வாடகை வாங்குவது வக்ஃபின் நோக்கத்தைக் காப்பதாகாது. உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவின் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள். ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் மறைந்த தம் தாயாரின் பெயரால் கிணறு வெட்டினார்கள். நம்மில் வசதி படைத்தோர் பெற்றோர் பெயரால் குளிர்நீர் இயந்திரம் வாங்கி வைக்கிறோம், நன்றே. தூர்ந்துபோன ஓர் ஊர்க்குளத்தைத் தூர்வாரித் தருவதும் அதே ஸதகத்துல் ஜாரியாதான். அதன் நீர் மார்க்கம் பாராது எல்லார் கிணற்றுக்கும் போகும்.

இவற்றோடு நின்றுவிடவும் கூடாது. கிராமசபையில் எழுந்து ஏரியின் நீர்வரத்தை யார் அடைத்தார்கள் என்று கேட்பதும், புதிய ஆலைக்கான மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குச் சென்று அது எந்த நீரைப் பயன்படுத்தும், கழிவை எங்கே விடும் என்று வினவுவதும் நம் கடமைக்கு உட்பட்டவையே. வறட்சி வந்தபின் மைதானத்தில் கூடி மழைத்தொழுகை நடத்துகிறோம். பாவமன்னிப்புக் கேட்பதும் அந்தத் தொழுகையின் ஒரு பகுதி. நீரை வீணாக்கியதும், கீழ்நிலத்தார் பங்கை மறந்ததும் அந்தப் பாவங்களின் பட்டியலில் உண்டு என்று நம் கதீபுமார்கள் மிம்பரில் நினைவூட்டினால், மழை பெய்யும் நாள்களிலும் அந்தத் தவ்பா தொடரும்.

சோழவரம் ஏரி இப்போதும் மழைக்காலத்தில் நிறைகிறது. அதன் மதகைத் திறக்கும் அதிகாரம் நம்மிடம் இல்லை. ஆனால் அங்கிருந்து நம் வீட்டுக் குழாய்க்கு வந்து சேரும் நீரில் தாமரைப்பாக்கத்தாரின், மீஞ்சூராரின், எண்ணூராரின் பங்கும் கலந்திருக்கிறது. பங்காளியின் சொத்தைக் கையாளும்போது கணக்கு வைத்துக்கொள்வது நம் மார்க்கம் கற்பித்த ஒழுக்கம். மறுமையில் அக்கணக்கு கேட்கப்படும்போது விடை சொல்லத்தக்கவர்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக, ஆமீன்.